மாரியோவைக் குழியில் விழாமல் கொண்டுபோவது எப்படி

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் கருவிக்காக வெளிவந்தது. 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 ஸ்டேஜ், ஆக மொத்தம் 32. கையில் இருப்பது மூன்று லைஃப். இத்தனை வருடம் கழித்தும் வீட்டில் சின்னவர்களும் பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட இதைப் போல ஒரு ஆட்டம் அரிது. ஆனால் உற்சாகமாக ஆரம்பித்து, இரண்டாவது குழியிலேயே மூன்று லைஃபையும் தொலைத்துவிட்டு கன்ட்ரோலரைக் கீழே வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கை வேகம் போதவில்லை என்பதல்ல. குதிப்பு எங்கே தீர்மானமாகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குதிப்பு தீர்மானமாவது தரையில். கால் தரையை விடும் அந்த நொடியில் மாரியோ எவ்வளவு வேகத்தில் இருக்கிறாரோ, அந்த வேகம்தான் உயரத்தையும் தூரத்தையும் முடிவு செய்கிறது. நடந்துகொண்டே குதித்துவிட்டு, காற்றில் போன பிறகு பி பட்டனை அழுத்தினால் ஓட்ட வேகம் வராது. குழிக்கு மேலே வந்தபின் பதறி அழுத்தும் பட்டன் எதுவும் உதவாது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல்

ஏ பட்டன் குதிக்க, பி பட்டன் ஓட. பழைய கன்ட்ரோலரில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம். புதிதாக ஆடுபவர்கள் கட்டைவிரல் நுனியால் பி-யை அழுத்துவார்கள். குதிக்க வேண்டிய இடம் வந்ததும் விரலைத் தூக்கி ஏ-க்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தூக்கலில்தான் ஓட்டம் போய்விடுகிறது.

விரலைக் கிடையாகப் படுக்க வையுங்கள். நுனிச் சதை பி மேல் எப்போதும் அழுந்தியே இருக்கட்டும். நுனி மூட்டை ஒட்டிய பகுதி ஏ மேல் லேசாக மிதக்கட்டும். குதிக்க வேண்டும் என்றால் விரலைத் தூக்காமல், அப்படியே வலப்பக்கம் சாய்த்தால் போதும். பி அழுந்தியபடியே ஏ-யும் அழுந்தும். முதல் கால் மணி நேரம் விரல் வலிக்கும், பிறகு பழகிவிடும். ஸ்விட்ச் மாதிரியான கருவிகளில் பட்டன்கள் சாய்வாக அமைந்திருப்பதால் இந்தச் சாய்ப்பு சிலருக்குச் சரியாக வராது. அப்போது கருவியின் செட்டிங்ஸில் போய் பட்டன்களை மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளின் சின்ன விரலுக்கு இது எட்டாது. அவர்கள் கன்ட்ரோலரை மடியிலோ மேசையிலோ வைத்து, ஆள்காட்டி விரலால் ஏ-யும் கட்டைவிரலால் பி-யும் அழுத்தட்டும். பார்க்க விநோதமாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்யும்.

குதிப்பின் அளவு

ஆட்டத்தில் எல்லாமே சதுரக் கட்டங்கள். ஒரு செங்கல் ஒரு கட்டம். திரையின் அகலம் 16 கட்டம். நின்ற இடத்திலிருந்து ஏ-யை முழுசாக அழுத்திப் பிடித்தால் மாரியோ ஏறத்தாழ 4 கட்டம் எழும்புவார், முழு ஓட்டத்தில் 5 கட்டம். ஏ-யைச் சட்டென்று விட்டால் குதிப்பு பாதியில் அமுங்கிவிடும். மேலே ஏறும்போது பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஈர்ப்பு விசை குறைவாக இருக்கும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். விட்ட உடனே முழு ஈர்ப்பும் இழுக்கும். ஆகவே தட்டுவது சின்னக் குதி, பிடிப்பது பெரிய குதி. குழந்தைகள் எல்லாப் பட்டனையும் தட்டித்தான் பழகியிருப்பார்கள். "தட்டாதே, பிடி" என்ற ஒரு வார்த்தை அவர்களைப் பாதிக் குழிகளைத் தாண்ட வைத்துவிடும்.

நடையில் ஒரு நொடிக்கு ஐந்தரைக் கட்டம் நகரும், முழு ஓட்டத்தில் ஒன்பதுக்கும் மேல். நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்க நாலு கட்டத் தரை வேண்டும். குழியின் விளிம்பில் வந்து பயந்து நின்றுவிட்டால், அங்கிருந்தே குதிக்கப் பார்க்காதீர்கள். ஐந்தாறு கட்டம் பின்னால் போய், ஓடி வந்து குதியுங்கள். திரை இடப்பக்கம் திரும்ப நகராது என்பதால், பின்வாங்கக் கிடைப்பது திரைக்குள் தெரியும் தரை மட்டுமே.

காற்றில் இருக்கும்போது பின்பக்கத் திசையை அழுத்தினால் வேகம் குறையும், சற்றுப் பின்னாலும் நகரலாம். அதிகமாகக் குதித்துவிட்டோம், எதிரி மேல் போய் விழப்போகிறோம் என்று தெரிந்தால் இதுதான் பிரேக்.

டிவி செய்யும் துரோகம்

சரியாகத்தான் குதிக்கிறோம், ஆனாலும் விழுகிறோம் என்றால் டிவியைச் சந்தேகியுங்கள். இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்றுவதற்காகச் சிறிது நேரம் பிடித்து வைத்துக் காட்டுகின்றன. ஆட்டம் நொடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. முழு ஓட்டத்தில் மாரியோ ஒவ்வொரு முறையும் இரண்டரைப் புள்ளி (பிக்சல்) நகர்கிறார், ஒரு கட்டம் 16 புள்ளி. டிவி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் 6 படம் போயிருக்கும். அதாவது 15 புள்ளி, கிட்டத்தட்ட ஒரு முழுக் கட்டம். விளிம்பில் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும் மாரியோ, உண்மையில் குழிக்குள் கால் வைத்துவிட்டார். டிவி செட்டிங்ஸில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். படத்தை அகலமாக இழுத்துக் காட்டும் அமைப்பையும் எடுத்துவிட்டு 4:3 அளவில் வையுங்கள்; கட்டங்கள் சரியான விகிதத்தில் தெரிந்தால் கண் தூரத்தைச் சரியாகக் கணிக்கும்.

1-1: அங்கேயே எல்லாப் பாடமும்

ஆட்டத்தை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் 1-1-ஐ, அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜை, ஒரு வாத்தியாரைப் போலக் கட்டியிருக்கிறார்கள். அவசரப்படாமல் ஆடினால் அதுவே சொல்லிக்கொடுக்கும்.

ஆரம்பித்ததும் ஒரு கூம்பா, அந்தப் பழுப்பு நிறக் காளான் தலையன், எதிரே நடந்து வரும். பக்கவாட்டில் இடித்தால் சாவு, மேலிருந்து விழுந்தால் அது நசுங்கும். அடுத்து செங்கல் வரிசையில் இரண்டு கேள்விக்குறிப் பெட்டிகள் இருக்கும். இடப்பக்கம் உள்ளதை முட்டினால் காளான் வரும். அது வலப்பக்கம் ஓடிக் கீழே விழுந்து, முதல் குழாயில் மோதி, உங்களை நோக்கித் திரும்பி வரும். எதிரி என்று நினைத்து ஓடப் பார்த்தாலும் செங்கலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அதைத் தொட்டுவிடுவோம். தொட்டதும் மாரியோ பெரிதாவார். பயந்த பொருள் நல்லது செய்கிறது என்று சொல்லித்தரும் அருமையான இடம் அது.

வரிசையாக நாலு குழாய். நாலாவதன் மேல் நின்று கீழ்த்திசையை அழுத்தினால் நிலத்தடி அறை, அதில் 19 காசு. ஆனால் அதிலிருந்து வெளியே வரும் குழாய் ஸ்டேஜின் முடிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் உள்ள நட்சத்திரம், பூ, காசு அடுக்கு எல்லாம் போய்விடும். பழகும் நாட்களில் குழாய்க்குள் போகாதீர்கள்.

அதே நாலாவது குழாயைத் தாண்டி ஐந்து கட்டம் விட்டு, ஆறாவது கட்டத்துக்கு நேர் மேலே கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று உண்டு. அங்கே நின்று ஏ-யை முழுசாகப் பிடித்துக் குதித்தால் பச்சைக் காளான் வரும், ஒரு லைஃப் கூடும். அது வலப்பக்கம் ஓடும். நாலு கட்டம் தள்ளி ஆட்டத்தின் முதல் குழி இருக்கிறது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால் காளான் குழிக்குள் போய்விடும், துரத்திக்கொண்டு போனால் நீங்களும் போய்விடுவீர்கள். பெட்டியை முட்டி இறங்கியதும் குழிப்பக்கமாக இரண்டடி முன்னே போய் நின்று, அது உங்கள் மேல் வந்து விழ விடுங்கள்.

அந்த முதல் குழி 2 கட்டம், அடுத்தது 3. இரண்டையும் சாதாரண நடையிலேயே, ஏ-யை முழுசாகப் பிடித்துத் தாண்டலாம். தடுமாற வைப்பது கடைசிப் பகுதியில் எதிரெதிராக நிற்கும் படிக்கட்டுகள். முதல் ஜோடிப் படிக்கட்டுக்கு நடுவே வெறும் தரை, விழுந்தாலும் ஒன்றுமில்லை. அடுத்த ஜோடிக்கு நடுவே குழி. அதே அமைப்பு, அதே குதி. ஆகவே முதல் ஜோடியில் ஒரு பக்கத்து மேல்படியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தரையைத் தொடாமல் ஐந்து முறை தாண்டிப் பழகிவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். நேரம் இருக்கிறதா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. கடிகாரம் 400 காட்டினாலும் அது நொடி அல்ல. ஒவ்வொரு எண்ணும் 0.4 நொடி. மொத்தம் 2 நிமிடம் 40 நொடி. 100-க்குக் கீழே வந்ததும் இசை வேகமாகும். அதைக் கேட்டுப் பதறித்தான் பலர் விழுகிறார்கள். மீதம் இன்னும் 40 நொடி இருக்கிறது, அந்த இடத்திலிருந்து கொடிக்கம்பம் பத்து நொடி ஓட்டம் கூட இல்லை.

கொடிக்கம்பத்தின் உச்சியைத் தொட்டால் 5000 புள்ளி. தொடும்போது கடிகாரத்தின் கடைசி எண் 1, 3, 6 ஆக இருந்தால் அத்தனை வாணவெடி, ஒவ்வொன்றுக்கும் 500. குழந்தைகளுக்கு இந்த வெடிதான் பெரிய பரிசு. பக்கத்தில் இருப்பவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க, ஆடுபவர் 6 வரும்போது குதிப்பது இருவரும் சேர்ந்து ஆட நல்ல விளையாட்டு.

எதிரிகளிடம் செய்யும் தவறுகள்

ஆமையை மிதித்தால் ஓட்டுக்குள் போகும். ஓட்டை உதைத்தால் வழியில் உள்ளதையெல்லாம் அடித்துக்கொண்டு போகும். போனது எங்காவது குழாயில் மோதித் திரும்பியும் வரும். உதைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவதுதான் பெரிய தவறு. உதைத்த பிறகு எட்டு கட்டமாவது இடைவெளி விடுங்கள்.

குழாயிலிருந்து எட்டிப் பார்க்கும் செடி, நீங்கள் குழாயை ஒட்டியோ அதன் மேலேயோ நின்றால் வெளியே வராது. தூரத்தில் நின்று காத்திருக்காமல், அது உள்ளே போன நேரம் பார்த்துக் குழாயை ஒட்டிப் போய் நின்றுவிடுங்கள். பிறகு நிதானமாக மேலே ஏறலாம். 1-1-இல் இந்தச் செடி கிடையாது, 1-2-இல்தான் முதலில் வரும்.

பூவைத் தொட்டால் நெருப்புருண்டை வீசலாம், திரையில் ஒரு சமயத்தில் இரண்டுதான். பி-யை விட்டு மறுபடி அழுத்தினால் வீசும். அந்தச் சின்ன இடைவெளியில் ஓட்டம் குறையாது, பயப்பட வேண்டாம். ஆனால் பின்னால் வந்த மாரியோ ஆட்டங்கள் சிலவற்றைப் போல, அடிபட்டால் ஒரு படி மட்டும் இறங்குவது இங்கே இல்லை. பூ மாரியோ அடிபட்டால் நேராகச் சின்ன மாரியோதான்.

சுத்தியல் வீசும் இருவர் 3-1-இல் முதலில் எதிர்ப்படுவார்கள். எட்ட நின்று வழி தேடுவது வீண். தள்ளி நிற்க நிற்கச் சுத்தியல் உங்கள் தலைமேல் சரியாக வந்து விழும். ஒருவன் மேலே எழும்பும்போது அவனுக்கு அடியில் ஓடிவிடுங்கள். அவன் செங்கல் மேல் நின்றால் அடியிலிருந்து அந்தச் செங்கலை முட்டுங்கள், ஆள் காலி.

4-1-இல் மேகத்தில் உட்கார்ந்து முள் ஓட்டு ஜந்துக்களை வீசும் லக்கிட்டு வரும். முள் உள்ளதை மிதிக்க முடியாது. நிற்காமல் ஓடுவதே வழி.

நீருக்குள் இருக்கும் 2-2, 7-2 ஸ்டேஜ்களில் ஏ-யைப் பிடிக்கக் கூடாது, சீராகத் தட்ட வேண்டும். தரையில் பள்ளம் உள்ள இடத்தில் நீர் கீழே இழுக்கும். அதை நெருங்குவதற்கு முன்பே உயரத்துக்குப் போய்விடுங்கள்.

கோட்டையும் பவுசரும்

ஒவ்வொரு உலகத்தின் நாலாவது ஸ்டேஜும் கோட்டை. வேறெங்கும் பி-யை விடாதீர்கள் என்று சொன்னாலும் இங்கே விட்டுவிடுங்கள். சுழலும் நெருப்புச் சரத்துக்கு முன் நின்று, அது ஒரு சுற்று முழுவதும் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சரம் உங்களைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கும்போது அதன் பின்னாலேயே போவது பாதுகாப்பு. எதிரே வரும் சரத்தைத் தாண்டிக் குதிக்கப் போனால் தலை மாட்டும்.

கோட்டையின் கடைசியில் நிற்கும் வில்லன் பவுசர். அவர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, விடும் தீ வந்து சேரும். பாலத்தில் சண்டை போடத் தேவையே இல்லை. அவர் எழும்பினால் அடியில் புகுந்து ஓடுங்கள், தரையில் இருந்தால் மேலே தாண்டுங்கள். பின்னால் இருக்கும் கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து அவர் விழுவார். நெருப்புருண்டை இருந்தால் ஐந்து பட்டாலே சாய்வார். 1-4-இல் அப்படிச் சாய்த்தால் அவர் வேஷம் போட்ட கூம்பா என்று தெரியும்! 6-ஆம் உலகம் முதல் அவர் சுத்தியலும் வீசுவார். அங்கே பெரிய மாரியோவாகப் போய், ஓர் அடி வாங்கிக்கொண்டு, எதுவும் தாக்காத அந்த மின்னும் நேரத்தில் ஊடுருவி ஓடிக் கோடரியைத் தொடுவது தப்பே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வோம்.

4-4, 7-4 இரண்டும் சுற்றுப்பாதை. தப்பான தளத்தில் போனால் அதே காட்சி திரும்பத் திரும்ப வரும், கடிகாரம் மட்டும் நிற்காது. ஒரு தாளில் மேல், நடு, கீழ் என்று எழுதிக்கொண்டு, எதில் போனோம் என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். கோட்டைகளில் நடுவழியிலிருந்து தொடங்கும் வசதி கிடையாது, செத்தால் ஆரம்பத்திலிருந்துதான்.

குறுக்குவழிகள்

1-2-இன் கடைசியில், மேலே ஏறும் மின்தட்டில் நின்று கூரைச் செங்கல் மேல் ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டி நடந்தால் மூன்று குழாய் உள்ள அறை. இடமிருந்து வலமாக 4, 3, 2-ஆம் உலகங்கள். 4-2-இல் மறைந்திருக்கும் படர்கொடியில் ஏறினால் 8, 7, 6. தெரிந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம். 4-க்குத் தாவினால் எடுத்த எடுப்பில் லக்கிட்டுவிடம் மாட்டுவீர்கள். இடையில் உள்ள 2, 3-ஆம் உலகங்கள்தான் நகரும் தட்டுகளையும் நீரையும் பழக்குகின்றன.

லைஃப் சேர்க்க 3-1 நல்ல இடம். முடிவில் உள்ள படிக்கட்டில் இரண்டு ஆமைகள் இறங்கி வரும். முதலாவதைப் போக விட்டு, இரண்டாவது ஒரு படியில் இருக்கும்போது மிதியுங்கள். பின் ஓட்டின் இடப்பக்க விளிம்பில் விழுங்கள். ஓடு அடுத்த படியின் சுவரில் மோதித் திரும்பி உங்கள் காலடிக்கே வரும், நீங்கள் அதன் மேல் துள்ளிக்கொண்டே இருப்பீர்கள். தரையைத் தொடாத வரை புள்ளி 100-இல் தொடங்கி 8000 வரை ஏறும், அதற்கப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு லைஃப். பேராசை வேண்டாம். 127-ஐத் தாண்டினால் கணக்கு தலைகீழாகி, அடுத்த சாவே கேம் ஓவர். இருபது முப்பது சேர்ந்ததும் இறங்கிவிடுங்கள்.

லைஃப் எல்லாம் தீர்ந்து கேம் ஓவர் வந்தாலும் கருவியை அணைக்காதீர்கள். முகப்புத் திரையில் ஏ-யை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். 5-3-இல் செத்தால் 5-1.

வீட்டில் எல்லோருமாக

இருவர் ஆட்டத்தில் மாரியோவும் லூயிஜியும் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஒருவர் செத்தால்தான் மற்றவருக்கு முறை, அவரவர் முன்னேற்றம் அவரவருக்கு. திறமையானவர் ஒருவர் இருந்தால் மற்றவர் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டிவரும். அதனால் ஒருவர் ஆட்டத்தையே எடுத்து, ஸ்டேஜுக்கு ஒருவர் என்று கன்ட்ரோலரை மாற்றிக்கொள்வது மேல். மிகச் சின்னக் குழந்தையாக இருந்தால் ஒரே கன்ட்ரோலரை இருவர் பிடியுங்கள். திசையும் பி-யும் பெரியவர் கையில், குதிக்கும் ஏ குழந்தையின் விரலில். ஓட்டத்தைப் பற்றிய கவலை இல்லாமல் குதிக்கும் நேரத்தை மட்டும் குழந்தை கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் அதுவே மொத்தக் கன்ட்ரோலரையும் கேட்டு வாங்கும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனில் ஆடினால் இசட்எல், இசட்ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தி ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். அதில் ஒரு நுணுக்கம்: குழிக்கு மேலே காற்றில் இருக்கும் நிலைக்குத் திரும்பாதீர்கள். தப்பு அங்கே நடக்கவில்லை. ஓட ஆரம்பித்த இடம் வரை பின்னால் போங்கள்.

8-ஆம் உலகத்தில் எந்த ஸ்டேஜிலும் நடுவழித் தொடக்கம் கிடையாது. 8-1, 8-3 இரண்டிலும் கடிகாரம் 300 மட்டுமே. 8-4-இல் தப்பான குழாய்க்குள் போனால் பின்னால் கொண்டுபோய் விட்டுவிடும், மறுபடி தாளும் பேனாவும் வேண்டும். அதையும் முடித்துவிட்டால் முகப்பில் பி-யை அழுத்தி விரும்பிய உலகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த இரண்டாம் சுற்றில் கூம்பாக்களுக்குப் பதில் கரிய ஓட்டு வண்டுகள் வரும். நெருப்புருண்டை அவற்றின் மேல் வேலை செய்யாது. மிதித்தால் ஓட்டுக்குள் போகும், ஆக 1-1-இன் முதல் எதிரியே இப்போது உதைக்கக் கிடைத்த ஓடு.